இரண்டு சுண்டு அரிசி

விளாஞ்சேனையில் சமைத்த சோறு வீடு மாறத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். அன்று நேசம்மா வழக்கம்போல இரண்டு சுண்டு வெள்ளையரிசி கழுவி உலையில் போட்டு, பக்கத்து அடுப்பில் முருங்கைக்காயும் கூனி இறாலும் சேர்த்துக் கறி வைத்து, வெந்ததும் இறக்கி மூடியைத் திறந்து பார்த்தபோது, உள்ளே ஒரு சுண்டு சிவப்பரிசிச் சோறு இருந்தது. கறிச்சட்டியில் பூசணிக்காய் இருந்தது. ஏலக்காய் மணம் வந்தது. அடியில் கொஞ்சம் பிடித்திருந்தது. அந்த மணத்தை நேசம்மா முகர்ந்து முப்பது வருடமாகியிருந்தாலும் அது றோட்டுக்குக் கிழக்கே சமைக்கிற மணம் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. அதே நேரத்தில் றோட்டுக்குக் கிழக்கே ஏதோ ஒரு வீட்டில் யாரோ ஒருவர் முருங்கைக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும்.

எங்கள் ஊரில் ஒரு ஆளுக்கு ஒரு சுண்டு என்பது பொது அளவு. நேசம்மா தனி ஆள். ஆனாலும் அவள் தினமும் இரண்டு சுண்டு போடுவாள், ஒன்று தனக்கு, மற்றது மகன் தவராசாவுக்கு. தவராசா கலவரத்து ஆடி மாதம் பத்தொன்பது வயதில் மண்ணெண்ணெய் வாங்கிவரச் சைக்கிளில் போனவன். அவனுடைய பங்கை ஒரு பீங்கான் கோப்பையில் போட்டு மூடி வைத்து, பொழுது படும்போது காகத்துக்குக் கொட்டுவாள். முப்பது வருடம் ஒரு நாள் விட்டதில்லை. எத்தனையோ ஆணைக்குழுக்கள் வந்தன, எத்தனையோ படிவங்கள் நிரப்பினாள், எல்லாப் படிவத்திலும் காணாமல் போகும்போது அணிந்திருந்தவை என்ற இடத்தில் அவள் சொன்னது ஒன்றுதான்: வெள்ளிக் காப்பு, ஒரு பக்கம் நெளிந்தது. அவளுடைய தண்டையை உருக்கிச் செய்வித்த காப்பு அது.

இந்த ஊரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நடுவே இருபத்திநாலு அடி அகலத்தில் பெரிய றோட்டு போகிறது. மேற்கே நாங்கள் தமிழர், கிழக்கே முஸ்லிம் ஆட்கள், வாய்க்காலுக்கு அப்பால் சிங்களக் குடியேற்றமும் பொலிஸ் நிலையமும். ஒரு காலத்தில் பொங்கலுக்கு இங்கிருந்து பலகாரத் தட்டம் போகும், பெருநாளுக்கு அங்கிருந்து தட்டம் வரும். கலவரத்துக்குப் பிறகு எல்லாம் இரண்டிரண்டாயிற்று. பஸ் நிற்கிற இடம் இரண்டு, தையற்கடை இரண்டு, மருந்துக்கடை இரண்டு, தலையிடிக்கு ஒரே மாத்திரையை இரண்டு கடையிலும் விற்றார்கள். அங்கே வயலில் அறுவடைக்குப் போன ஏழு பேரை வெட்டினார்கள், இரண்டு நாள் கழித்து றோட்டால் போன எங்கள் ஆட்கள் பதினொரு பேரைக் காணோம். நாங்கள் பதினொன்றை மட்டும் சொல்லிப் பிள்ளை வளர்த்தோம், அவர்கள் ஏழு பேரை மட்டும் சொல்லி வளர்த்தார்கள். அந்த ஏழு பேரை வெட்டியது எங்கள் பக்கத்துப் பெடியன்கள் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தது எதையும் தெரியாததுபோல வைத்திருப்பதில் எங்கள் ஊரை யாரும் வெல்ல முடியாது.

முதல் மூன்று நாளும் இரண்டு பக்கமும் சோற்றைக் கொட்டின. நஞ்சு வைத்திருப்பார்கள் என்று இங்கே சொன்னார்கள், மந்திரம் செய்திருப்பார்கள் என்று அங்கே சொன்னார்கள். நாய்கள் கொழுத்தன. பட்டணத்துப் பேக்கரியிலிருந்து பாண் லொறி வரும் நேரத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு வரிசை நின்றது. சிலர் மின்சாரப் பானை வாங்கினார்கள், சிலர் புது அடுப்பு கட்டினார்கள், சோறு எதற்கும் மசியவில்லை. இந்த வீட்டு அடுப்புக்கு அந்த வீட்டு அடுப்பு என்று யாரோ முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்தாயிற்று. அந்த வீட்டில் உலை வைக்காவிட்டால் இந்த வீட்டுப் பானையில் வெறும் சுடுதண்ணிதான் இருக்கும். சமைக்காமலே சாப்பிடலாம் என்று கண்டுபிடித்த கெட்டிக்காரர் இரண்டு நாள் கெட்டித்தனம் பண்ணினார்கள், மூன்றாம் நாள் அந்தப் பக்கமும் அடுப்பை அணைத்துவிட்டது. தேத்தண்ணி மட்டும் ஏனோ மாறவில்லை.

எங்கள் பக்கத்து ஐயாத்துரைக்கு எதிலும் முன்னுக்கு நிற்க வேண்டும். அவன் கறியில் மூன்று பிடி உப்பை அள்ளிப் போட்டு, தின்னட்டும் என்று சொல்லிவிட்டு மூடியைத் திறந்தால், அங்கிருந்து வந்த கறியிலும் உப்பு அதே அளவுக்குக் கரித்தது. அன்று பின்னேரம் இரண்டு வீட்டிலும் கிணற்றுக் கப்பி ஓயவில்லை.

அரசாங்கக் கச்சேரியிலிருந்து ஒரு உத்தியோகத்தர் வந்து, இதை அனர்த்தம் என்று பதிவதா சுகாதாரப் பிரச்சினை என்று பதிவதா என்று கேட்டு, எங்களுக்கும் தெரியாததால் பதியாமலே போனார். சமாதானத்துக்கான ஒரு நிறுவனம் மண்டபத்தில் கூட்டம் வைத்தது. மூன்று பாசையிலும் பதாகை கட்டியிருந்தார்கள். விளாஞ்சேனை சரித்திரத்தில் மூன்று சனமும் ஒன்றாகக் கூடிய முதல் கூட்டம் அதுதான், ஏனென்றால் மத்தியானப் பார்சல் பட்டணத்தில் சமைத்து வந்தது.

மற்றதெல்லாம் பசி செய்த வேலை. ஒரே நேரத்தில் இறக்கினால்தான் சோறு சூடாகக் கிடைக்கும் என்று தெரிந்தவுடன், பள்ளியில் மத்தியான லுஹர் பாங்கு சொல்லும்போது பானையை இறக்குவது என்று ஆயிற்று. பாங்கு பிந்தினால் கோயில் வீதிப் பெண்கள்தான் முதலில் முணுமுணுத்தார்கள். வெள்ளிக்கிழமை பெரிய வழக்காகக் கிடந்தது. எங்களுக்கு அது மரக்கறி நாள், அவர்களுக்கு ஜும்ஆத் தொழுகை முடிந்து இறைச்சி தின்னும் நாள். நாலு வெள்ளி சண்டை பிடித்து, ஐந்தாவது வெள்ளி அவர்கள் இறைச்சியை வியாழனுக்கு மாற்றினார்கள், நாங்கள் கோழியை அவர்களுடைய கடையிலேயே அறுப்பித்தோம். மாட்டிறைச்சியை அவர்கள் வாயைக் கட்டி நிறுத்தினார்கள், பன்றியை எங்கள் ஆட்கள் வேட்டைக்காரரிடம் வாங்காமல் விட்டார்கள், எல்லாருக்கும் பொதுவாக மிஞ்சியது மீன். ஐயர் வீட்டு அடுப்பு இறைச்சிக்கடை ஆதம்பாவா வீட்டு அடுப்போடு முடிச்சுப் பட்டிருந்தது. ஆதம்பாவாவின் மனைவி புதுச் சட்டி வாங்கி அதில் பருப்பைத் தவிர வேறொன்றும் தொடுவதில்லை என்று சத்தியம் பண்ணினாள். ஊருக்கெல்லாம் இறைச்சி விற்கும் ஆதம்பாவா வீட்டில் கத்தரிக்காய்ப் பால்கறி தின்று இளைத்துப் போனார்.

பொலிஸ் நிலையத்து அடுப்பு எங்கள் பக்கத்து ஓய்வுபெற்ற தபாற்காரர் வீட்டோடு மாட்டிக்கொண்டது. கிழவனும் கிழவியும் இருக்கிற வீட்டில் பதினாலு பேருக்கான சோறு வந்து விழுந்தது, பதினாலு பொலிஸ்காரருக்கு இரண்டு பேருடைய சோறு போனது. மூன்றாம் நாள் பதினாலு பேரும் கோப்பையோடு வரிசையாக வந்து படலையைத் தட்டியபோது தபாற்காரர் பின்பக்கத்தால் ஓடப் பார்த்தார், அவருடைய வீட்டில் பொலிஸ் வந்து தட்டிய பழைய நாட்கள் அப்படி. பிறகு அவர்கள் அவருடைய மாமரத்துக்குக் கீழே குந்தியிருந்து தங்கள் சோற்றைத் தாங்களே தின்றுவிட்டுக் கோப்பை கழுவிக்கொண்டு போவது வழக்கமாயிற்று.

எந்த வீட்டுக்கு எந்த வீடு என்பது முழுக்கத் தெரிந்த ஒரே ஆள் குடும்பநல மாது ஜுனைதா. கிழக்குப் பக்கத்துப் பிள்ளை, ஆனால் இரண்டு பக்கமும் வீட்டுக்குள்ளே விடுவது அவளை மட்டும்தான். கர்ப்பிணித் தாய்மாருக்கு யார் சமைக்கிறார்கள் என்று தெரியாமல் எப்படிச் சத்துணவு சொல்லிக்கொடுப்பது என்று ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதிவிட்டாள். பலர் அறிய விரும்பினார்கள், சிலர் விரும்பவில்லை.

நேசம்மா விரும்பவில்லை.

முதல் இரண்டு கிழமையும் அவளுக்கு ஒரு சுண்டுச் சோறுதான் வந்தது. அதை மகனுக்கு வைத்துவிட்டு அவள் கஞ்சித்தண்ணி குடித்தாள். பிறகு ஒரு நாள் பானையில் இரண்டு சுண்டு வந்தது. இரண்டு பேருக்கான சோறு தினமும் தன்னிடம் வருகிறதே, அங்கே இரண்டு பேர் இருப்பார்கள் என்று அந்த வீடு நினைத்திருக்க வேண்டும். அன்றிலிருந்து குறையவில்லை. அந்த வீட்டுக் கறியில் உறைப்பு மிகவும் குறைவு என்பதை அவள் கவனித்து, வயிற்றுப் புண்ணாக்கும் என்று தானும் மிளகாயைக் குறைத்தாள். ஒரு நாள் பானையில் வெறும் கஞ்சி வந்தது. காய்ச்சலாக்கும் என்று அடுத்த நாள் கொத்தமல்லி அரைத்து ரசம் வைத்தாள்.

"அந்த வீட்டில பொம்புள இல்ல, புள்ள," என்றாள் ஜுனைதாவிடம். "ஒரு ஆம்புளதான் சமைக்கிறான். வெங்காயத்தப் பார், விறகு கொத்தினமாதிரிக் கிடக்கு."

"ஆரெண்டு செல்லட்டாம்மா?"

"வேணாம். தெரிஞ்சா உப்புப் போடக்குள்ள கை வேற மாதிரிப் போகும்."

அந்த வீடு உதுமாலெவ்வையுடையது. ஐம்பத்திரண்டு வயது, மனைவி காலமாகி, மகளை வேறு ஊரில் கட்டிக்கொடுத்துத் தனியாக இருப்பவர், அங்கே அண்ணனைக் கூப்பிடுகிறமாதிரி எல்லாருக்கும் காக்கா. கிழக்கே அவருக்கு ஒரு ஏக்கர் வயல் உண்டு. அந்த வயலைப் பற்றி அவருடைய ஆட்களிடையே ஒரு பகிடி இருந்தது. வயலின் ஒரு மூலையில் ஆறடித் துண்டு ஒன்றை அவர் முப்பது வருடமாக உழுவதில்லை. உழவு இயந்திரக்காரனிடம் அந்த இடத்தைச் சுற்றிப் போகச் சொல்லுவார். ஏன் என்று கேட்டால் மண் சரியில்லை என்பார்.

ஒரு நாள் அவருக்கு இரத்த அழுத்தம் பார்க்கப் போன ஜுனைதாவிடம் அவர் கேட்டார்: "அந்த ஊட்டுல எத்தின பேரு தங்கச்சி? ரெண்டு சுண்டு வருது. நான் போடுறது ரெண்டு பேருக்கும் காணுமா?"

"ஒராள்தான் காக்கா. மத்தப் பங்கு மகனுக்கு. கலவரத்துக்குள்ள மண்ணெண்ணெ வாங்கச் சைக்கிள்ள போனவனாம். அவன் வருவானெண்டு அந்தம்மா இன்னும் சோறு வெக்குது. தவராசாவாம் பேரு."

உதுமாலெவ்வை சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டார். அடுத்த நாள் அவர் உலை வைக்கவில்லை.

நேசம்மா பாங்குச் சத்தத்துக்கு மூடியைத் திறந்தாள், சுடுதண்ணி. மறுநாளும் சுடுதண்ணி. கூடக் காய்ச்சலாக்கும் என்று அவள் இன்னும் நன்றாகக் குழைய வைத்தாள். மூன்றாம் நாளும் சுடுதண்ணி. முப்பது வருடத்தில் முதல் தடவையாகத் தவராசாவின் கோப்பை மூன்று நாள் வெறுமையாக இருந்தது. அவளுக்கு அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது, தன் பசி அல்ல.

ஜுனைதா ஸ்கூட்டரை உதுமாலெவ்வையின் வாசலில் போட்டுவிட்டு உள்ளே போனாள். அணைந்த அடுப்பில் இருந்த பானையில் நேசம்மாவின் சோறு ஆறிக் கிடந்தது. அவர் அதில் ஒரு வாய்கூடத் தின்றிருக்கவில்லை.

"காக்கா, அந்த மனிசி மூணு நாளாத் தண்ணி குடிக்குது."

அவர் சொன்னார். வெகுகாலம் கழித்து ஜுனைதா எங்களுக்குச் சொன்னபோது, அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு கணக்கு வாத்தியாருக்குப் பாடம் ஒப்புவிக்கிறவர் போலச் சொன்னார் என்றாள்.

"நான் கை வெக்கல்ல தங்கச்சி. ஆனா ஊர்காவல் படையில குடுத்த துவக்கு என்ட கையிலதான் இருந்திச்சு. நீட்டிக்கிட்டு உடுங்கடா எண்டு ஒரு செல்லுச் செல்லியிருந்தா உட்டிருப்பானுகள். செல்லல்ல. அதுக்கு முந்தின நாள்தான் வயல்ல வெட்டுப்பட்ட என்ட மூத்த காக்காவ அடக்கிட்டு வந்தன். அவனுகள் போன பொறகு, அந்தப் புள்ளய நாய் இழுக்கப் போகுதெண்டு தூக்கிட்டுப் போய் வயல்ல வெச்சன். தாய்க்கிட்டக் குடுக்கோணுமெண்டு காப்பக் கழட்டி எடுத்தன். குடுக்கல்ல. செல்லியிருந்தா எங்கட ஆக்கள் உடமாட்டாங்க, அவங்கட ஆக்களும் உடமாட்டாங்க. இருவத்திநாலு அடி றோட்டு, முப்பது வருசமா என்னால கடக்க ஏலல்ல."

"இப்ப கடக்க வேணாம் காக்கா," என்றாள் ஜுனைதா. "உலைய வையுங்க."

மறுநாள் பாங்கு சொன்னபோது நேசம்மா பானையை இறக்கினாள். இரண்டு சுண்டு சிவப்பரிசிச் சோறு. மகனுடைய கோப்பைக்கு அள்ளும்போது அகப்பையில் ஏதோ தட்டுப்பட்டது. கையை விட்டு எடுத்தாள், சுட்டது, விடவில்லை. வெள்ளிக் காப்பு, ஒரு பக்கம் நெளிந்தது.

அவள் அழுது நாங்கள் கேட்கவில்லை. காப்பில் ஒட்டியிருந்த பருக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். அதைக் கழுவி, மகனுடைய கோப்பையில் வைத்து, மூடினாள். பிறகு ஜுனைதாவுக்கு ஆள் அனுப்பினாள். ஜுனைதா வருவதற்குள் செய்தி கசிந்து ஐயாத்துரையும் நாலு பேரும் முற்றத்துக்கு வந்துவிட்டார்கள்.

"ஆர் மாமி அந்த வீடு? பேரச் சொல்லுங்க. மத்தத நாங்க பாத்துக்கொள்றம்."

அந்த ஒரு சொல்லில் ஊர் நின்றது. அவள் ஜுனைதாவைக் கேட்டுச் சொல்லியிருந்தால் அன்று பின்னேரமே உதுமாலெவ்வையின் கூரை எரிந்திருக்கும், அடுத்த நாள் எங்கள் கூரைகள் எரிந்திருக்கும், அதற்குப் பிறகு ஏழுக்கும் பதினொன்றுக்கும் பக்கத்தில் வேறு எண்கள் வந்திருக்கும்.

"எனக்குத் தெரியாது," என்றாள் நேசம்மா. பிறகு ஐயாத்துரையை நேராகப் பார்த்தாள். "நீ அந்த நாளையில வயலுக்குப் போய்ப் பாத்தது போதும் தம்பி. வீட்ட போ."

ஐயாத்துரையின் முகத்தை அப்படி நாங்கள் முன்பு பார்த்ததில்லை. அவன் முதலில் போனான், மற்றவர்கள் பின்னால் போனார்கள்.

ஜுனைதா வந்து குசினித் தரையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பெயரையும் சொல்லி, நடந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். முடிந்த பிறகு நேசம்மா ஒன்று கேட்டாள்.

"தலைய எந்தப் பக்கம் வெச்சவனாம்?"

ஜுனைதா தயங்கினாள். "எங்கட முறைக்குத்தான் வெச்சிருக்காரும்மா. அவருக்கு வேற தெரியாது. தலை வடக்கால, முகம் மேக்கால."

"வடக்கால வெக்கிறதில்ல எங்கட ஆக்களுக்கு," என்றாள் நேசம்மா. காப்பைக் கையில் எடுத்து நெளிந்த பக்கத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "ஓதினவனா?"

"தெரிஞ்சத ஓதினாராம்."

வாசலால் றோட்டுத் தெரிந்தது. அதற்கு அப்பால் கிழக்கு வீடுகள் தெரிந்தன. வயல் அங்கிருந்து தெரியாது.

"மேக்கால எண்டா இந்த வீட்டுப் பக்கம்தானே புள்ள," என்றாள் நேசம்மா. "அப்ப அவன் இஞ்சதான் பாத்துக்கொண்டு கிடந்திருக்கிறான்."

அப்போதுதான் அவள் அழுதாள். ஜுனைதாவும் அழுதாள். அழுது முடிந்து முகத்தைச் சீலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு நேசம்மா சொன்னாள்:

"நான் மன்னிச்சிட்டன் எண்டு மட்டும் சொல்லிப்போடாத. மன்னிக்கல்ல. ஒரு வாய் திறந்திருந்தா என்ட புள்ள இப்ப அம்பது வயதுக்காரன். ஆனா நாளைக்கும் நான் உலை வைப்பன், அவன் பசி கிடக்க வேணாம். அந்த மூலைய உழ வேணாமெண்டு சொல்லு. வயல் வெள்ளாமை முடியட்டும், நான் வந்து பாப்பன். இன்னொண்டு."

"செல்லுங்கம்மா."

"இனி ஒரு சுண்டு போதும் எண்டு சொல்லு."

அதற்குப் பிறகு ஊரில் வேறு பானைகளிலும் பொருள்கள் வரத் தொடங்கின. கிழக்குப் பக்கத்திலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடிச் சட்டகம் வந்தது, ஒரு சைக்கிள் பூட்டுத் திறப்பு வந்தது. மேற்கிலிருந்தும் போயின. ஒரு நாள் ஐயாத்துரையின் அடுப்பிலிருந்து, உப்புக் கறி அனுப்பிய அதே அடுப்பிலிருந்து, ஓடாத கைக்கடிகாரம் ஒன்று பருப்போடு வெந்து போய்ச் சேர்ந்தது என்றும், அந்த வீட்டுப் பெண் அதை மூன்று நாள் கையில் கட்டிக்கொண்டிருந்தாள் என்றும் ஜுனைதா சொன்னாள். பெயர் கேட்க யாரும் போகவில்லை. நாங்கள் நல்லவர்களாகிவிட்டோம் என்று சொல்ல வரவில்லை. மருந்துக்கடை இன்னமும் இரண்டுதான். மூடியைத் திறக்கும்போது மட்டும் எல்லாருடைய கையும் கொஞ்சம் மெதுவாகப் போகிறது.

ஜுனைதா சொன்ன செய்தியை உதுமாலெவ்வை நின்றபடியே கேட்டார். மறுநாள் அவர் வழக்கம்போல இரண்டு சுண்டு அரிசியை அளந்து சுளகில் கொட்டிவிட்டு, கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு சுண்டைத் திரும்ப அள்ளிச் சாக்கில் போட்டார். கொஞ்சம் தரையில் சிந்தியது. குனிந்து ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி, மிஞ்சியதைக் கழுவி உலையில் போட்டார். பாங்கு சொன்னது. அவர் பானையை இறக்கி மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு சுண்டு வெள்ளையரிசிச் சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது.